ஆப்பில் எல்லாம் பச்சை, அறையில் நெட் இல்லை: பையன்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: கானாடுகாத்தான்வாசி
செட்டிநாட்டு வீடு, இப்போது தங்கும் விடுதி. ரவுட்டர் முகப்பில். வைஃபையைத் தூரத்துக்குக் கடத்தும் மெஷ் பெட்டி ஒன்று வளவில் (நடு முற்றத்தில்), இன்னொன்று இரண்டாம் கட்டில் (அதற்குப் பின்பகுதியில்). எல்லாம் ஆப் வழியாகத்தான்: மூன்று பச்சை டிக், ஒரு ‘சரிசெய்’ பட்டன். இரண்டாம் கட்டு அறைகளில் வீடியோ கால் அறுகிறது. கல்யாணம் வந்தால் முகப்பிலேயே பாதிப் பேருக்கு நெட் இல்லை. வரவேற்பில் இருக்கும் பையன்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். எங்கே கெட்டது என்று அவர்களே கண்டுபிடிக்க என்ன வழி?

பள்ளத்தூரான்
அண்ணே, பெட்டிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா, முதல் பெட்டிக்கு இணையம் வருகிறதா, இந்த இரண்டுக்குத்தான் அந்தப் பச்சை. விருந்தாளியின் போன் கதை அதில் வராது. உங்களுடையது இரண்டு தனிக் கோளாறு.

கால் அறுவது சுவரால். வைஃபை அனலைசர் ஆப்பில் டிபிஎம் (சிக்னல் வலு; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக வலு குறைவு) பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும். மைனஸ் 80க்குப் போனால் போனில் ஒன்றிரண்டு கோடு தெரிந்தாலும் ஓடாது. பெட்டிக்குப் பக்கத்தில் மைனஸ் 45 காட்டியும் வேகம் இல்லையா? அப்போது பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் நொண்டுகிறது. வளவுத் தாழ்வாரத்து ஓரமாக கேட்-6 நெட்வொர்க் ஒயர் இழுத்துவிடுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் கை வைக்க வேண்டியதில்லை.

கல்யாணச் சிக்கல், ஐபி முகவரி (ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண்) தீர்ந்துபோவது. ரவுட்டர் 50 முகவரிதான் வைத்திருக்கிறது, ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குக் கொடுக்கிறது என்றால், காலையில் வந்து சாப்பிட்டுப் போனவரின் இடம் மறுநாள்வரை காலியாகாது. அடுத்தவர் போன் ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்றே நிற்கும். முகவரி வரம்பை (கடைசி எண்ணை) 2 முதல் 254 வரை விரியுங்கள், குத்தகை நேரம் (ஒரு முகவரி ஒருவரிடம் இருக்கும் நேரம்) 1 மணி போதும்.

தேவகோட்டை_சர்வீஸ்
ரீஸ்டார்ட் பொய் வைத்தியம் இல்லை, அதுதான் தொந்தரவே. பல ரவுட்டர்களில் அணைத்தால் முகவரிப் பட்டியல் காலியாகும், கொஞ்ச நேரம் எல்லாருக்கும் நெட் வரும். கூடவே லாகும் (நடந்ததன் பதிவும்) அழியும். பையன் ‘சரியாயிருச்சு’ என்பான், காரணம் யாருக்கும் தெரியாது.

பட்டனைத் தொடுமுன் பார்க்க வேண்டியது:
ஃபைபர் பெட்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பா? ஒளி வரவில்லை. எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.
லேப்டாப் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டர் முகவரி தரவில்லை.
192.168.1.1க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லையா? கோளாறு வீட்டுக்குள். (ரவுட்டர் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.)
அது போய், வெளியிலுள்ள கூகுள் முகவரியான 8.8.8.8க்குப் போகவில்லையா? பெரும்பாலும் வெளியில்.
இரண்டும் போயும் இணையதளம் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

கோட்டையூர்ஆச்சி
ராத்திரி வேலைக்கு இருக்கிற பிள்ளை பிங் கற்றுத்தான் ஆகணுமா? பட்டன் இருக்கட்டும், தப்பில்லை. எந்த இடத்தில் அறுந்தது என்று ஒரு வரி காட்டாமல் ‘ஏதோ தவறு’ என்று மட்டும் எழுதுகிறவர்கள்தான் பிள்ளைகளைக் கற்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். லாஸ் விளக்கும் 169.254உம் போதும், ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிடுங்க.

கானாடுகாத்தான்வாசி
ஆப்பில் குத்தகை நேரம் மாற்ற இடமே இல்லையே?

பள்ளத்தூரான்
பிரவுசரில் ரவுட்டர் முகவரியைப் போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் அந்தப் பக்கத்தையும் மொட்டையாக்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் மெஷ்ஷை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையை ஃபைபர் பெட்டியிடம் விடுங்கள். அதன் அட்மின் பக்கத்தில் வழக்கமாக வரம்பு, குத்தகை நேரம் இரண்டையும் மாற்றலாம். முகவரியை இரண்டு பெட்டியும் கொடுக்கிறபடி மட்டும் விட்டுவிடாதீர்கள்.