மறு: மறு: மல்டிவெர்சுக்கு ஒரு சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்களுக்கான அறிவியல் புத்தகம் ஒண்ணு மொழிபெயர்த்துக்கிட்டிருக்கேன். யுனிவர்சுக்கு பேரண்டம், பிக் பேங்குக்கு பெருவெடிப்பு, அதுல ஒண்ணும் சண்டை இல்ல. மல்டிவெர்ஸ்தான் இடிக்குது, அதாவது நம்மளுது மாதிரி பல பேரண்டங்கள் சேர்ந்த மொத்தம்; அதுல ஒவ்வொண்ணையும் புத்தகம் குமிழ்னு சொல்லுது. மாட்டிக்கிட்ட வாக்கியம் இது: ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு தொடக்கம் இருக்கு, ஆனா மல்டிவெர்சுக்கே ஒரு தொடக்கம் இருந்துச்சா? இப்போதைக்கு பல்லண்டம்னு போட்டு வெச்சிருக்கேன். சரிதானா? வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாகணும்.

*

தம்பி, புணர்ச்சியில குறை சொல்ல முடியாது, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், பல்+அண்டம் பல்லண்டம். ஆனா அண்டம் வடசொல், முட்டைன்னு பொருள். நம்மகிட்ட புடவி இருக்கே! புடை, புடைப்பு, புடைபரத்தல்னு ஒரே வேர்ல வருது, நாலாபக்கமும் விரிஞ்சு கிடக்கறதுதான் புடவி. ஆகவே பல்புடவி.

*

> ஆகவே பல்புடவி

ஐயா, மன்னிக்கணும், பிள்ளைங்க இத "பல்பு டவி"ன்னு படிச்சு வகுப்பே சிரிச்சிரும் 😀 அதுவுமில்லாம புடவியே பிருதிவி தேஞ்சு வந்ததுன்னு ஒரு கட்சி இருக்கு. வடமொழிய வாசல்ல விரட்டிட்டு கொல்லைப்பக்கமா கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடும். ஆனா பல்லண்டமும் வேணாம், நான் உயிரியல் நடத்துறவ, எங்க பாடத்துல அண்டம்னா கருமுட்டை, அண்டவிடுப்புன்னு நடத்திட்டு அடுத்த பீரியட்ல பல்லண்டம்னா ரெட்டைப்பிள்ளை பாடம்னு நினைப்பாங்க. போதாததுக்கு பால்வெளி அண்டம்னு கேலக்சிக்கும் அதே சொல்ல வெச்சு எழுதுறாங்க.

*

அக்கா சொல்லுறது சரி. எங்கட பக்கம் அகில ஈர்ப்பு மாறிலி எண்டுதான் படிச்சனாங்கள். பல்லகிலம் எண்டு வைக்கேலாதோ?

*

அகிலம்னாலே மிச்சம் வைக்காம முழுசும்னு அர்த்தம். மிச்சமே இல்லாத ஒண்ணு எப்படி பலதாகும்? ஆங்கிலத்துலயும் இதே இடக்குதான். தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1895-ல மல்டிவெர்ஸ்னு எழுதினப்போ இயற்பியலே அவர் மனசுல இல்ல, இயற்கைக்கு நல்லது கெட்டது தெரியாதுன்னு சொல்ல வந்தவர். லத்தீன்ல வெர்தெரேன்னா திரும்புறது, உழவன் ஏர திருப்புற சால்தான் வெர்சுஸ், கவிதை வரிக்கும் அதே பேரு. யுனிவர்ஸ்னா எல்லாம் ஒண்ணா திரும்பினது. அப்ப வேரோட தமிழாக்கினா பல்சால்! ஏர் எழுபது பாடின மொழிக்கு இதவிட

*

சார், போதும். வெள்ளிக்கிழமை.

*

நான் இயற்பியல் ஆள், ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். எந்த மல்டிவெர்ஸ்னு முதல்ல பாருங்க. 1957-ல இயற்பியலாளர் எவரெட் எழுதினது குவாண்டம் கிளைகள், அதாவது ஒரு அளவீட்டுல வரக்கூடிய ஒவ்வொரு விடைக்கும் ஒரு கிளை, அதுக்கு இடம் தள்ளி இன்னொரு உலகம்னு அர்த்தமே கிடையாது. புத்தகத்துல குமிழ்னு வர்றதால இது விலென்கின், லிண்டேங்கற இயற்பியலாளர்களோடது, 1980-கள்ல வந்தது. தொடக்கத்துல வெளி கண்மூடித்தனமான வேகத்துல விரிஞ்சுதுன்னு கூத்ங்கற இயற்பியலாளர் சொன்னாரே, அந்த அதிவேக விரிவு ஒரு இடத்துல நின்னா அங்க நம்மளுது மாதிரி ஒண்ணு பிறக்கும், மத்த இடத்துல விரிவு நிக்காம போய்க்கிட்டே இருக்கும். நம்ம பேரண்டத்தோட வயசுன்னு சொல்ற 1380 கோடி வருஷம் ஒரு குமிழோட கணக்கு மட்டும்தான். ஆக உங்க வாக்கியத்துல குமிழ் பன்மை, மல்டிவெர்ஸ் ஒருமை. பல்-லுன்னு ஆரம்பிக்கிற எந்தச் சொல்லும் காதுல பன்மையாத்தான் விழும், "பல அண்டங்களுக்குத் தொடக்கம் உண்டா"ன்னா கேள்வியே மாறிப்போயிரும்.

*

இதெல்லாம் மாணிக்கவாசகர் எப்பவோ சொல்லியாச்சு. திருவாசகத்துல, திருவண்டப்பகுதில, அண்டங்களப் பத்தி "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன". 101 கோடிக்கு மேல!

*

ஐயா, அந்த வரி எனக்கும் பிடிக்கும். ஆனா அங்க கூரை ஓட்டை வழியா வர்ற வெயில்ல தூசி தெரியற மாதிரி எல்லா அண்டமும் ஒரே பார்வைக்குள்ள வருது. இங்க ஒரு குமிழ்லேர்ந்து அடுத்தத பார்க்கவே முடியாது, நடுவுல இருக்கற வெளி அவ்வளவு வேகமா விரியுது. எண்ணிக்கைதான் வேணும்னா துகளெல்லாம் நுண்ணிய இழைகள்னு சொல்ற இழைக் கோட்பாட்டுக்காரங்க 1-க்குப் பின்னாடி 500 சைபர் போடுறாங்க, 101 கோடி பக்கத்துலயே வராது.

*

அப்ப விரியண்டம்னு வெச்சா? வினைத்தொகை! விரிந்த, விரிகின்ற, விரியும், மூணு காலமும் உள்ள மறைஞ்சு நிக்குது. முடிவில்லாத விரிவுக்கு இதவிட பொருத்தமா என்ன இருக்கு?

*

அழகுதான், ஆனா 2003-ல போர்டே, கூத், விலென்கின் மூணு பேரும் சேர்ந்து உங்க இறந்தகாலத்துல கைய வெச்சுட்டாங்களே. சராசரியா விரிஞ்சுக்கிட்டே இருக்கற வெளிய பின்னோக்கி முடிவில்லாம நீட்ட முடியாதுன்னு ஒரு தேற்றம். அதனால தொடக்கம் இருந்தே ஆகணும்னு அர்த்தமில்ல, அந்த விரிவுக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்கு அந்தப்பக்கம் வேற ஏதாவது இயற்பியல் வேணும், அவ்வளவுதான். விரியும் கியாரண்டி, விரிந்த சந்தேகம். இப்படி ஒரு வினைத்தொகைய நன்னூலார் ஒத்துக்குவாரா?

*

தொகைன்னதும் தோணுது. எட்டுத்தொகைல எட்டு நூல், தொகை ஒண்ணுதான். பேரண்டத்தொகைன்னு போடுங்க, ஒருமைச் சிக்கல் தீர்ந்துச்சு.

*

> பேரண்டத்தொகை

+1

*

+1, ஆனா பசங்க முன்தொகை, மீதித்தொகை ஞாபகத்துல பேரண்டத்தொகை எவ்வளவு ரூபான்னு கேப்பாங்க.

*

நானும் ஓம். அகிலத்தொகை எண்டா இன்னும் சந்தோஷம்.

*

அனைவருக்கும் நன்றி. இப்படித்தான் போகுது: "ஒவ்வொரு பேரண்டத்துக்கும் ஒரு தொடக்கம் உண்டு, ஆனால் பேரண்டத்தொகைக்குத் தொடக்கம் இருந்ததா?" முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் மல்டிவெர்ஸ்னு பக்கத்துல போட்டுருக்கேன். விரியண்டம் சொன்னவர் கோவிச்சுக்காதீங்க, அத குமிழ் படத்துக்குக் கீழ தலைப்பா வெச்சிருக்கேன்.

*

பெரும்பான்மை சொன்னா ஆச்சு, ஆனா என் ஓட்டு புடவிக்குத்தான்னு பதிவு பண்ணி வைங்க. பல்பு டவின்னு படிப்பாங்கன்னா நடுவுல ஒரு ப்-பன்னா போட்டுக்கலாமான்னு யோசிச்சேன், பல்கலைக்கு யாரும் க் போடறதில்லையே, விதி விடல. புடவித்தொகைன்னு வெச்சா அந்தப் பிரச்சினையே வராதே, ஏன் ஒருத்தரும் இத சொல்லல? இன்னிக்கு வியாழன்தானே?

*

ஐயா, அனுப்பியாச்சு.