ஏழாம் வகுப்புக்கு எழுத்தாளரின் நடையைப் பின்பற்றி எழுதும் பயிற்சி தேவையா?

கோத்தகிரி தமிழாசிரியை:
சென்ற மாதம் ஏழாம் வகுப்பில், கரிசல் வட்டார வழக்கில் எழுதிய கி. ராஜநாராயணனின் பத்தி ஒன்றை வாசித்தோம். வாக்கியம் எங்கே முடிகிறது, பேச்சுவழக்கு எந்த இடத்தில் நுழைகிறது, வாசகரிடம் நேராகப் பேசுவது எப்போது என்பதையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகு, அதே நடையில் தங்கள் ஊரைப் பற்றி எழுதச் சொன்னேன். "தேயிலைத் தோட்டம் பச்சைப் பசேலெனக் காட்சியளிக்கிறது" என்று அதுவரை எழுதிவந்த ஒரு மாணவி, அன்று இப்படி எழுதினாள்: "எடை போடுற இடத்துல ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. அம்மா ஒண்ணும் பேச மாட்டா, கூடையை மட்டும் கொஞ்சம் வேகமாக் கவுப்பா." இந்த வாக்கியம் அவளிடம் முன்பே இருந்தது, எழுதலாம் என்ற துணிவை அந்தப் பத்திதான் தந்தது என்று நம்புகிறேன்.

குந்தா பெற்றோர்:
அந்த மாணவி எழுதியது அருமை. ஆனால் என் மகனுக்கு நேர்ந்தது வேறு. நாங்கள் படுகர், வீட்டில் படுக மொழியே பேசுகிறோம். பாடநூல் தமிழையே பள்ளியில் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வழக்கு இன்னொரு மொழிதான். அவன் பள்ளியிலும் இதே பயிற்சியைக் கொடுத்தார்கள். "சம்சாரி கம்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தார்" என்று எழுதிவிட்டு, "அப்பா, கம்மாய் என்றால் எமரால்டு அணை மாதிரியா?" என்று என்னிடம் கேட்டான். மதிப்பெண்ணுக்காகத் தான் பார்த்திராத நிலத்தின் சொற்களை எடுத்து ஒட்டவைத்திருக்கிறான். சொந்தக் குரல் உருவாகும் முன்பே பிறர் குரலில் பேசப் பழக்குவதால் என்ன நன்மை?

கோத்தகிரி தமிழாசிரியை:
ஐயா, நீங்கள் சொல்வது சொல்லைக் கடன் வாங்குவது. நடையைக் கற்பது அதுவன்று. ஔவையின் ஆத்திசூடியையும் பாரதியின் புதிய ஆத்திசூடியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே அகரவரிசை, அதே குறுகிய ஏவல் வாக்கியம். ஔவை "ஆறுவது சினம்" என்றார். பாரதி "ரௌத்திரம் பழகு" என்றார். அவர் "தையல் சொல் கேளேல்" என்ற இடத்தில், இவர் "தையலை உயர்வு செய்" என்றார். முன்னவரின் அச்சுக்குள் நின்றுகொண்டே அவருக்கு மறுமொழி சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த அச்சு எப்படி இயங்குகிறது என்பதைப் பாரதி துல்லியமாக அறிந்திருந்ததுதான். அந்த அறிவைத்தான் வகுப்பில் தர விரும்புகிறேன்.

குந்தா பெற்றோர்:
பாரதி அதை எழுதியபோது தன் குரலை ஏற்கெனவே கண்டடைந்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்துமா? மேலும், ஔவைக்கு மறுப்புச் சொன்னதற்காகப் பாரதியின் மதிப்பெண்ணை யாரும் குறைக்கவில்லை. வகுப்பில் மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்துத் திருத்தும்போது, பிள்ளைகள் ஒத்திருப்பதையே கற்கிறார்கள்.

கூடலூர் வாசகர்:
அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. நடையின் கூறுகளைக் கண்டறிவதற்கு மதிப்பெண் இருக்கட்டும். பின்பற்றி எழுதுவதற்கு வேண்டாம்.

கோத்தகிரி தமிழாசிரியை:
மதிப்பெண்ணைப் பற்றிய கருத்தை ஏற்கிறேன்; அடுத்த முறை எடுத்துவிடுகிறேன். ஒரே எழுத்தாளரை மட்டும் கொடுத்ததும் என் பிழைதான். இருவரைக் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, நடை என்பது ஒருவர் செய்யும் தேர்வு என்று பிள்ளைகள் உணர்ந்திருப்பார்கள். ஆனால் பயிற்சியைக் கைவிட மாட்டேன். இது இல்லாதபோது பிள்ளைகள் சொந்தக் குரலில் எழுதவில்லை, வழிகாட்டி நூலின் குரலில்தான் எழுதினார்கள். இருபது ஆண்டுகளாக அந்தத் தாள்களைத் திருத்திவருகிறேன்.

குந்தா பெற்றோர்:
வழிகாட்டி நூலைப் பற்றிச் சொன்னது உண்மை. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் தொடக்கம் வீட்டிலிருந்து வர வேண்டும் என்றே கருதுகிறேன். தை மாத உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் கருகியதை என் தாயார் படுக மொழியில் சொல்வதுண்டு. அதை முதலில் அவர் சொல்லும் வரிசையிலேயே தமிழில் எழுதும்படி மகனிடம் கூறியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுகிறேன்; அதில் பென்சிலால் எதைக் குறிப்பீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்.