குடும்பக் குழு: மாஞ்சோலைப் படம்

கயல்: பெரியப்பா, கல்லூரிக்காக வரைந்த மாஞ்சோலை நிலப்படத்தை அனுப்பியிருக்கிறேன். எஸ்டேட்டுகளை ஒரே உச்சியைச் சுற்றி வட்டமாகக் குறித்திருப்பது சரிதானா?

பெரியப்பா: சரியில்லை, கயல். நம் தோட்டங்கள் ஓர் உச்சியைச் சுற்றி அமைந்தவை அல்ல. மணிமுத்தாறு அணையிலிருந்து கிளம்பும் பாதை மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று படிப்படியாக ஏறிக் குதிரைவெட்டிக்குப் போய்ச் சேரும். ஊட்டி 2,240 மீட்டர் என்றால், நம் எஸ்டேட்டுகள் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டருக்குள் அடங்கிவிடும். உயரம் குறைவுதான், ஆனாலும் மலைத்தொடரின் முகட்டை ஒட்டியே இருப்பதால், கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழையிலும் பங்கு வரும், ஐப்பசி கார்த்திகை மழையும் தவறாது. தேயிலை அங்கே வேர்பிடித்தது அந்த மழையை நம்பித்தான்.

அத்தை: மழையோடு அட்டையும் வந்ததை அண்ணன் எழுதவில்லையே! காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவாமல் நாங்கள் தேயிலைக்குள் இறங்கியதே இல்லை.

கயல்: தோட்டத்துக்கு முன்பு அங்கே என்ன இருந்தது, பெரியப்பா?

பெரியப்பா: சிங்கம்பட்டி ஜமீனின் காடு இருந்தது. 1929-ல் சுமார் 8,373 ஏக்கரை ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கணக்குப்படி அது 2028 வரை ஓட வேண்டும். இடையில் ஜமீன் ஒழிந்து நிலம் அரசின் கைக்கு வந்தது, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது, 2018-ல் காப்புக்காடு என்ற அறிவிப்பும் வந்தது. 2024 ஜூனில் வேலை நின்றது.

கயல்: அப்படியானால் தேயிலைக்குப் பச்சை தீட்டலாமா, வேண்டாமா?

அத்தை: தீட்டு. ஆனால் நாங்கள் பார்த்த பச்சை வேறு, இப்போதுள்ள பச்சை வேறு. கவாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தியதால்தான் அது செடியாக இருந்தது. விட்டால் மரமாகப் போகிற சாதி அது. மிச்சச் சாமான்களை எடுக்கப் போனபோது பார்த்தேன், எங்கள் லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால் கிளைகள் என் தலையைத் தாண்டி நின்றன. நடுவில் மஞ்சள் தூளோடு வெள்ளை வெள்ளையாகப் பூ. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய எனக்கு, அவ்வளவு தேயிலைப் பூவை ஒரே இடத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

பெரியப்பா: கயல், இன்னொரு திருத்தம். படத்தில் ‘ஊற்று’ என்று எழுதியிருக்கிறாய். இலக்கணப்படி அது சரியாக இருக்கலாம், ஆனால் பேருந்துப் பலகையில் இருந்தபடி ‘ஊத்து’ என்றே போடு.