கலைச்சொல் வேண்டும்: இறந்த கணவரின் இடத்துக்கு வந்த அமெரிக்கப் பெண்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெண்கள் என்று ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதி வழியில் ஒரு சொல்லிடம் வண்டி நின்றுவிட்டது. அங்கே 'விடோஸ் மேன்டேட்' என்று ஒரு வழக்கு உண்டு. பதவியில் இருக்கும்போதே உறுப்பினர் இறந்துபோவார்; அந்த இடத்துக்கு அவர் மனைவியையே கொண்டுவருவார்கள். 'விடோஸ் சக்ஸெஷன்' என்றும் சொல்வதுண்டு.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், சொல் தேடுபவர்களுக்கு உதவும். பிரதிநிதிகள் அவையில் இடம் காலியானால் தேர்தல் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். யாரும் யாரையும் நியமிக்க முடியாது, அரசமைப்பே அப்படி. செனட்டில் 1913இல் வந்த 17ஆம் திருத்தத்துக்குப் பிறகு, மாநிலச் சட்டமன்றம் அனுமதித்திருந்தால், ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. இதைச் சொல்லாவிட்டால் படிப்பவர் ராஜ்பவனை நினைத்துக்கொள்வார்.) ஆக, ஒரே பெயருக்குள் நியமனமும் இருக்கிறது, தேர்தலும் இருக்கிறது.

கணவர் இறந்த இடத்துக்கு முதலில் வந்தவர் கலிபோர்னியாவின் மே நோலன், 1923இல். ஆனால் என்னை நிறுத்தியது ஹாட்டி காரவே கதைதான். 1931 நவம்பரில் கணவர் இறந்தார்; ஆர்கன்சா ஆளுநர் இவரை செனட்டுக்கு நியமித்தார். 1932 ஜனவரியில் இடைத்தேர்தல், அதிலும் வென்றார். தேர்தலில் வென்று செனட்டுக்குப் போன முதல் பெண் இவர்தான். மிச்சக் காலத்தை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், அதற்குள் ஆண்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது உள்ளூர்க் கணக்கு. மே மாதம் ஒருநாள் துணை அதிபர் அவரை அவைத்தலைவர் நாற்காலியில் சற்று நேரம் உட்காரவைத்தார். அன்றைக்கே, முழுத் தவணைக்கும் நிற்கப்போகிறேன் என்று போட்டு உடைத்தார். கட்சிக்குள் எதிர்த்து நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பக்கத்து லூசியானாவின் செனட்டர் ஹ்யூயி லாங், ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளோடு வந்து ஆகஸ்டில் ஒன்பது நாள் ஆர்கன்சாவைச் சுற்றி அவருக்காக ஓட்டுக் கேட்டார். வென்றார். 1938இல் ஜான் மெக்லெலன் இவரை எதிர்த்து நின்றபோது வைத்த முழக்கம்: 'ஆர்கன்சாவுக்கு செனட்டில் இன்னோர் ஆண் தேவை.' அப்போதும் வென்றார்.

இவரையும் ஒரு 'விடோஸ் மேன்டேட்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தமிழில் என்ன போடுவது?

இன்னொன்று. தலைப்பு 'அமெரிக்க அரசியல் வீராங்கனைகள்' என்று இருக்கட்டும் என்கிறார் பத்திரிகை ஆசிரியர். எனக்கு ஒட்டவில்லை. அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

———

மறுமொழி (சென்னையிலிருந்து)

நேரடியாகவே போடலாமே அக்கா: கைம்பெண் ஆணை. 'விதவை' வேண்டாம். அந்தச் சொல்லில் ஒரு புள்ளிகூடக் கிடையாது, கைம்பெண்ணில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று மேடையில் சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. வாரிசு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வாரிசு என்றாலே மகன்தான் வருவான்.

———

மறுமொழி (மதுரையிலிருந்து)

அம்மா, நான் முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன். நீங்கள் சொல்வதற்கு எங்களிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கருணை அடிப்படையில் பணி நியமனம். பணிக்காலத்தில் ஊழியர் இறந்தால் மனைவிக்கோ பிள்ளைக்கோ வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் மூன்றும் இணைக்கப்பட வேண்டும். அமெரிக்காக்காரனும் அதைத்தான் செய்கிறான், சான்று மட்டும் கேட்பதில்லை போலிருக்கிறது.

'கருணை இடம்' என்று சுருக்கிக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. படித்த மாத்திரத்தில் எவருக்கும் புரியும்.

'ஆணை' எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் காதில் ஆணை என்றால் அரசாணை. கைம்பெண் ஆணை என்றால் ஓய்வூதியத்துக்கு வந்த அரசாணையோ என்று கேட்பார்கள்.

———

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து)

தங்கச்சி, எங்கட பக்கம் இதை 'ஆசனம்' என்றுதான் எழுதுவோம். உங்கட ஆட்கள் 'இடம்' என்கிறார்கள், சிலர் 'தொகுதி' என்கிறார்கள். தொகுதி என்பது நிலப்பரப்பு, ஆசனம் அதற்குரிய உறுப்புரிமை. இரண்டையும் குழப்பினால் இந்தக் கலைச்சொல்லே குழம்பும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகைக்கு எல்லாரும் உடனே சிறிமாவோ பண்டாரநாயக்காவைத்தான் உதாரணம் காட்டுவார்கள். கணவர் 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்தார், 1960 யூலையில் இவர் பிரதமர், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். எல்லாம் சரி. ஆனால் அவர் அப்போது கணவரின் அத்தனகல்லை ஆசனத்துக்குப் போகவில்லை. அந்தத் தேர்தலில் தான் நிற்காமலே கட்சியை வெல்ல வைத்தார், பிறகு செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். கணவரிடமிருந்து வந்தது கட்சித் தலைமை, ஆசனம் அல்ல. உங்கட அமெரிக்கச் சொல் இதையும் உள்ளே இழுக்குமா, இல்லையா? அதைத் தீர்மானித்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள்.

———

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னபடி முதலில் எல்லையைப் போட்டுப் பார்த்தேன். போட்டதும் ஒன்று தெளிவானது: நாம் பெயர் வைக்க வேண்டியது அந்தப் பெண்ணுக்கு இல்லை, அந்த இடத்துக்கு.

> நேரடியாகவே போடலாமே அக்கா: கைம்பெண் ஆணை.

ரெபெக்கா ஃபெல்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க செனட்டின் முதல் பெண் உறுப்பினர், 1922 நவம்பரில், 87 வயதில், ஒரே ஒரு நாள். கைம்பெண்தான். கணவரும் முன்பு நாடாளுமன்றத்தில் இருந்தவர்தான். ஆனால் ஜார்ஜியா ஆளுநர் அவருக்குக் கொடுத்தது டாம் வாட்சன் என்ற வேறொருவர் இறந்து காலியான இடம். 'கைம்பெண்' என்று பெயரில் வைத்தால் ஃபெல்டன் உள்ளே வந்துவிடுவார். வரக்கூடாது.

மார்கரெட் சேஸ் ஸ்மித்தைப் பாருங்கள். மெய்ன் மாநிலம். 1940 ஏப்ரலில் கணவர் இறந்தார், ஜூனில் இவர் பிரதிநிதிகள் அவைக்கு வந்தார். அது சந்தேகமே இல்லாமல் கணவரின் இடம். 1948இல் அதை விட்டுவிட்டு செனட்டுக்கு நின்று வென்றார், 1973 வரை அங்கே இருந்தார். செனட் இடம் கணவருடையது இல்லை. அவர் அந்த அவையில் ஒருநாளும் உட்கார்ந்தவர் இல்லை. கைம்பெண் என்ற அடையாளம் மட்டும் இரண்டு இடத்திலும் மார்கரெட்டின் கூடவே வரும். இடத்துக்குப் பெயர் வைத்தால் அது 1940இல் ஒட்டும், 1948இல் தானாக உதிர்ந்துவிடும். எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட சொல்.

> 'கருணை இடம்' என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஐயா, சிரித்துவிட்டேன், ஆனால் இரண்டு நாள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். புரியும் என்பது உண்மை. சிக்கல் கருணையில் இருக்கிறது. கருணை நியமனத்தில் வேலைக்கு வருபவர் அந்த வேலையை அதற்குமுன் பார்த்தவராக இருக்க வேண்டியதில்லை. இங்கே பலர் பார்த்தவர்கள். மார்கரெட் கணவரின் செயலாளராக வாஷிங்டன் அலுவலகத்தில் இருந்தவர். லூசியானாவின் லிண்டி பாக்ஸ் கணவரின் தேர்தல் வேலைகளையே நடத்தியவர்.

லிண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1972 அக்டோபரில் கணவர் ஹேல் பாக்ஸ் போன விமானம் அலாஸ்காவில் காணாமல் போனது, கிடைக்கவே இல்லை. காணாமல் போனவரையே நவம்பரில் மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1973 ஜனவரியில் இடம் காலி என்று அறிவித்து, மார்ச்சில் இடைத்தேர்தல், லிண்டி வந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண் தன் பேரில் கடன் வாங்கப் போனால், ஆண் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கும். கடன் கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்று ஒரு மசோதா வங்கிக் குழுவுக்கு வந்தது. என்னென்ன அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் பெண்ணைக் காணோம். லிண்டி தன் கையால் 'பால், மணநிலை' என்று எழுதிச் சேர்த்தார், பிரதி எடுத்தார், குழு உறுப்பினர் எல்லாருக்கும் கொடுத்தார். உங்களையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், இது விட்டுப்போனது வெறும் கவனக்குறைவாகத்தான் இருக்கும், நானே சரிசெய்துவிட்டேன் என்றார். யாரால் மறுத்துப் பேச முடியும்? 1974இல் அது சட்டமானது.

கணவர் இறந்ததால் வந்தவர் என்று ஊர் பேசிய ஒரு பெண், சட்டத்துக்குள் 'மணநிலை' என்ற சொல்லைக் கையால் எழுதிவைக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்துக்கு 'கருணை இடம்' என்று எழுத என் கை வரவில்லை ஐயா.

எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அலபாமாவில் ஜார்ஜ் வாலஸ் அடுத்தடுத்து இரண்டு தவணை ஆளுநராக இருக்கச் சட்டம் இடம்தரவில்லை. 1966இல் மனைவி லுர்லீனை நிறுத்தி வெல்லவைத்தார். டெக்சாஸில் மிரியம் ஃபெர்குசன் 1924இல் நின்றதும் பதவி பறிக்கப்பட்ட கணவருக்காகத்தான். ஒரு விலைக்கு இரண்டு ஆளுநர் என்றே பிரசாரம் செய்தார்கள். இந்த இரண்டிலும் கணவர் உயிரோடு இருக்கிறார். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை, நம்மிடம் 'பினாமி' இருக்கிறது. கலைச்சொல் இந்தக் கூட்டத்திலிருந்து மற்றவர்களைப் பிரித்துக்காட்ட வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது: கணவர்வழி இடம். தாய்வழிச் சொத்து, தந்தைவழிப் பாட்டன் என்று சொல்கிறோமே, அதே 'வழி'. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். பரிதாபமும் இல்லை, பாராட்டும் இல்லை. நியமனமா தேர்தலா என்பதிலும் தலையிடாது. இலங்கையில் 'கணவர்வழி ஆசனம்' என்று எழுதிக்கொள்ளலாம், மாற்ற வேண்டியது கடைசிச் சொல் ஒன்றுதான். சிறிமாவோ 1960இல் பெற்றது கணவர்வழித் தலைமை. அண்ணா, சரிதானே?

இப்போது வீராங்கனை. நம் செய்தித்தாள்களில் இந்தச் சொல் மைதானத்துக்குப் போய்விட்டது. டென்னிஸ் வீராங்கனை, சதுரங்க வீராங்கனை. மார்கரெட் சேஸ் ஸ்மித்தை வீராங்கனை என்று எழுதினால் என்ன விளையாட்டு என்றுதான் கேட்பார்கள். இராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டி, 2004இல் இரண்டு கால்களையும் இழந்து, 2017இல் செனட்டர் ஆன டாமி டக்வொர்த்துக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தும். அங்கே மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அதோடு, முதல் பெண் என்றாலே வீராங்கனை என்று ஆக்கிவிடுகிறார்கள். ஃபெல்டன் முதல் பெண்தான். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து தூக்கிலிடுவதை 1897இல் மேடையேறி ஆதரித்துப் பேசியவரும் அவர்தான். அடிமைகளை வைத்திருந்தவர்களில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கடைசியாக உட்கார்ந்தவரும் அவரே. ஆசிரியர் சொன்ன தலைப்பில் இவரை எங்கே வைப்பது?

வீரம் என்று சொல்லத்தக்கது என் கட்டுரையில் நிறையவே இருக்கிறது, ஆனால் அது வேறு மாதிரி இருக்கிறது. 1950 ஜூன் 1. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று கை நீட்டிக்கொண்டிருந்த காலம். பெரிய பெரிய ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. மார்கரெட் செனட்டில் எழுந்து, அவர் பெயரைச் சொல்லாமலே, மனசாட்சிப் பிரகடனம் என்று ஓர் உரையைப் படித்தார். பயம், அறியாமை, வெறுப்பு, அவதூறு என்ற நான்கு குதிரைகள் மேல் ஏறி என் கட்சி வெற்றிக்குப் போவதை நான் பார்க்க விரும்பவில்லை என்றார். கட்சி அவருடையது, மெக்கார்த்தியும் அதே கட்சி. சேர்ந்து கையெழுத்திட்டவர்கள் ஆறு செனட்டர்கள். மெக்கார்த்தி அவர்களுக்கு வைத்த பெயர் 'ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்'. வாதத்துக்குப் பதில் இல்லாதபோது பெண்ணுக்குக் குழந்தைக் கதையிலிருந்து ஒரு பெயர்! நாலு வருஷம் கழித்து, 1954 டிசம்பரில், செனட் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மார்கரெட்டும் ஓட்டுப் போட்டார்.

இதற்கு 'நெஞ்சுரம்' போதும். நல்ல சொல், ஆண்பால் பெண்பால் சிக்கலும் இல்லை. தலைப்பை 'அமெரிக்க அவைகளில் பெண்கள்' என்று மொட்டையாக விட்டுவிடச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சப்போகிறேன்.

———

மறுமொழி (மதுரையிலிருந்து)

கருணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கோப்பு முடிக்கப்பட்டது.

ஒரே ஒரு ஆட்சேபணை. லூசியானாவில் லூக் லெட்லோ என்பவர் 2020இல் வென்றார், பதவியேற்கும் முன்பே, டிசம்பர் கடைசியில், கோவிட் நோயில் இறந்தார். 2021 மார்ச்சில் மனைவி ஜூலியா வென்று போனார். கணவர் உட்காராத இடம் கணவர்வழி ஆகுமா?

———

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

ஆகும் ஐயா. பத்திரம் பதிந்து சாவி வாங்குவதற்குள் மனிதர் போய்விட்டால் வீடு அவர்வழி வந்ததில்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் மார்கரெட்டின் செனட் விஷயத்தில் 'உட்கார்ந்தவர் இல்லை' என்று நானே காரணம் எழுதியிருந்தேன். அது தவறு, 'அந்த இடத்துக்கு வென்றவர் இல்லை' என்று திருத்திக்கொள்கிறேன். விளக்கத்தில் 'இருந்த அல்லது வென்ற' என்று சேர்த்துவிடுகிறேன்.

நாளைக்கு ஒரு பெண் உறுப்பினர் இறந்து கணவர் அந்த இடத்துக்கு வந்தால் 'மனைவிவழி இடம்' என்று எழுதிவிடலாம், அதற்காக மறுபடி குழுமத்தைக் கூட்ட வேண்டாம்.

செனட்டில் பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடிக்கும் 'ஃபிலிபஸ்டர்' மீதம் இருக்கிறது. தனி இழையாகத் தொடங்குகிறேன்.