இரு மொழியில் தெரபி செய்யும் உளவியலாளரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?

கயல்:
வணக்கம். வீட்டில் தமிழ், படிப்பும் வேலையும் ஆங்கிலம். பதற்றத்துக்காக ஓர் உளவியலாளரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். "பெரியவர்களுக்கு இரு மொழியிலும் தெரபி, சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) அடிப்படையில்" என்று தன் குறிப்பில் போட்டிருக்கிறார். முதலில் 15 நிமிடம் போனில் பேசலாமாம். அதற்குள் எதைக் கேட்டால் ஆளைப் பற்றித் தெரியும்? இரண்டு மொழி என்பது வெறும் வசதிதானா, இல்லை சிகிச்சையிலேயே அதற்கு வேலை உண்டா?

வானம்பாடி:
பட்டம், பதிவு எண் இரண்டையும் எல்லாரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். அதைவிட முக்கியமானது, மேற்பார்வையில் பயிற்சி எடுத்த காலத்தில் எந்த மொழியில் ஆட்களைப் பார்த்தார் என்பது. பெரும்பாலோர் படிப்பு முழுவதையும் ஒரே மொழியில் முடித்திருப்பார்கள். வீட்டு மொழியில் சரளமாக அரட்டை அடிப்பவர், அதே மொழியில் தற்கொலை எண்ணத்தைப் பற்றியோ தாம்பத்யத்தைப் பற்றியோ கேட்கும்போது தடுமாறி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். எதிரில் இருப்பவரும் அத்தோடு மூடிக்கொள்வார்.

ஆகவே நேரடியாகவே கேளுங்கள்: "முழு செஷனையும் தமிழில் நடத்தியிருக்கிறீர்களா? உங்கள் மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியுமா? நான் நடுவில் மொழி மாறினால் என்ன செய்வீர்கள்?" கடைசிக் கேள்விக்கு "எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் எனக்குத் திருப்தி வராது. எந்த இடத்தில் மாறுகிறீர்கள் என்பதைக் கவனிப்பேன் என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

செங்காந்தள்:
உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். மொழிக்கு நிச்சயமா வேலை இருக்கு. 2000-ல மேரியன், நைஸர்ங்கற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிஞ்சவங்ககிட்ட ஆய்வு பண்ணாங்க. ரஷ்ய மொழியில கேட்டப்போ, அந்த மொழியில வாழ்ந்த காலத்து நினைவுகள் அதிகமா வந்துச்சு. 2003-ல ஹாரிஸ் குழு துருக்கி மொழிக்காரங்ககிட்ட உணர்ச்சி வந்தா மாறுற தோலோட மின்கடத்தலை அளந்து பார்த்தாங்க. சின்னப் பசங்களைத் திட்டற வார்த்தைகளைத் தாய்மொழியில கேட்டப்போ உடம்பு ஆங்கிலத்தைவிட அதிகமா எதிர்வினை காட்டுச்சு.

அதனால, பின்னாடி கத்துக்கிட்ட மொழி ஒரு இடைவெளி கொடுக்கும். கனமான விஷயத்தை முதல் தடவை சொல்ல அது நல்ல உதவி. ஆனா கடைசி வரைக்கும் அங்கேயே நின்னா உணர்ச்சியைத் தொடாமலே செஷன்கள் ஓடிடும். ஒருத்தர் நிதானமா "அப்பா கொஞ்சம் க்ரிட்டிக்கல்" அப்படிங்கறார்னு வைங்க. "அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க"ன்னு கேட்டா "நீயெல்லாம் எதுக்கு லாயக்கு"ன்னு வரும், குரலும் மாறும். திறமையானவர் இதை செஷனோட நடுவுல கேப்பார். 50 நிமிஷத்துல கடைசி 10 நிமிஷத்தை மூச்சை, கால் தரையில பட்டிருக்கறதைக் கவனிச்சு ஆற விடறதுக்கு வச்சிருப்பார். முடியப் போற நேரத்துல கிளறிவிட்டு அனுப்பினா மிச்ச நாள் பூரா அது கூடவே வரும்.

சிபிடி-ல எண்ணப் பதிவு எழுதச் சொல்வாங்க: என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சு, உணர்ச்சி 0–100-ல எவ்வளவு, ஆதாரம், எதிர் ஆதாரம். எண்ணம் எந்த மொழியில வந்துச்சோ அதே மொழியில எழுதுங்க. "என்னைக் கேவலமா நினைப்பாங்க" வந்த இடத்துல "ஐ மே பி ஜட்ஜ்டு"ன்னு எழுதினா 80 இருந்த பயம் 40 மாதிரி தெரியும். பிறகு அதுக்கு என்ன வேலை பண்ணாலும் மேலோட்டமாத்தான் இருக்கும்.

தும்பை:
கேள்வித்தாள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிஎச்க்யூ-9 என்பது மனச்சோர்வை அளக்க, கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்கும் 9 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 27. பதற்றத்துக்கு ஜிஏடி-7, 0 முதல் 21. இரண்டிலுமே 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மிதமான நிலை அல்லது அதற்கும் மேல். முதலில் எந்த மொழியில் நிரப்பினீர்களோ கடைசி வரை அதே மொழியில் நிரப்புங்கள். மாற்றினால், மதிப்பெண் இறங்கியது சிகிச்சையாலா, மொழியாலா என்று பிரிக்க முடியாது. படிவத்தை அவரே வாயால் மொழிபெயர்த்துக் கேட்பதும் சரியில்லை. சோதித்துப் பார்த்த வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. ஒரே மொழிக்காரர் என்றதும் "உங்களுக்கே தெரியுமே" என்று நாம் பாதியில் நிறுத்துவோம், அவரும் தலையாட்டிவிடுவார். உண்மையில் இரண்டு பேர் மனதிலும் வேறு வேறு குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும். "எனக்குத் தெரியாது என்று வைத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் இருவருக்கும் தெரிந்தவர்கள் இருந்தால், வெளியில் நேருக்கு நேர் பார்த்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

கயல்:
மிக்க நன்றி. ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு தமிழுக்கு மாறலாமா?

செங்காந்தள்:
தாராளமா. மாறணும்னு தோணினா செஷன் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, ஏன் தோணுதுன்னும் சேர்த்து. படிவம் மட்டும் பழைய மொழியிலேயே இருக்கட்டும். 6-லேர்ந்து 8 செஷனுக்குள்ள ரெண்டு பேரும் உட்கார்ந்து மதிப்பெண்ணைப் பார்த்து, முறையை மாத்தணுமா, மருந்துக்கு மனநல மருத்துவரையும் பார்க்கணுமான்னு முடிவு பண்ணுங்க.