சிவனொளிபாத மலைக்கு இரவில் தனியாக ஏறலாமா?

கோவைக்காரி:
பிப்ரவரி கடைசியில் அலுவலக வேலையாகக் கொழும்பு வருகிறேன். வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நாள் சும்மாதான் இருப்பேன், அதில் அடிவார ஊரான நல்லதண்ணி வழியாக ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும். கூட வர யாரும் இல்லை. வெள்ளியங்கிரி எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தும் என் வயதுப் பெண்களை மேலே விடுவதில்லை, அதனாலேயே இந்த மலைமேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. பர்வதமலை ஏறியிருக்கிறேன், நடக்கப் பயமில்லை. ஒரு பெண் நடு ராத்திரியில் தனியாக ஏறினால் பாதுகாப்பா, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வழி தவறுமா? ஜூலையிலும் ஒருமுறை வர வேண்டியிருக்கும். அப்போது கூட்டமே இருக்காது என்கிறார்கள், அமைதியாக ஏற அதுதான் நல்லதோ?

மஸ்கெலியா அக்கா:
தங்கச்சி, பெப்ரவரியிலேயே வாங்க, ஜூலையை மறந்துவிடுங்க. நான் பிறந்து வளர்ந்தது இந்த மலை தெரிகிற தோட்டத்தில், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கும் சீசன் மே மாதப் பௌர்ணமியான வெசாக் வரை. அந்த மாதங்களில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை லைட் எரியும், தேத்தண்ணிக் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். வழி தவற வாய்ப்பே இல்லை, படி போகிற பக்கம் போக வேண்டியதுதான். தனியாக வந்தாலும் தனியாக ஏற மாட்டீங்க. வெள்ளை உடுத்த ஆச்சிமார் பேரப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி உட்கார்ந்து ஏறுவார்கள், இறங்கி வருகிறவர்கள் "கருணாவை" என்று வாழ்த்திக்கொண்டு ஒதுங்கி வழி விடுவார்கள். அப்படி ஒரு குடும்பத்துக்கு நாலு படி பின்னால் நடங்க, அது போதும்.

ஒன்று மட்டும் கவனம். போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டாம். அந்த ராத்திரிகளில் கடைசிப் படிகளில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், வரிசை நகராது, உச்சிக்குப் போகும் முன்னாலேயே விடிந்துவிடும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளாகப் பார்த்து, ராத்திரி இரண்டு மணி வாக்கில் கிளம்புங்க. அதற்கு முன்னால் வேண்டாம். சீக்கிரம் போய்விட்டால் வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்று விறைக்க வேண்டியதுதான், அந்தக் குளிர் சமவெளி ஆட்களுக்குத் தெரியாது. மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் நனையாமல் வைத்துக்கொள்ளுங்க.

காட்டுவழி:
அக்கா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். தனியாக வருகிறவர் சீசனில்தான் வர வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜூலையை மறந்துவிடுங்க என்று ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. சீசன் இல்லாதபோது லைட் இல்லை, கடை இல்லை, தென்மேற்குப் பருவமழை நேராக இந்தச் சரிவில்தான் வந்து மோதும், அட்டை காலுறைக்குள் புகுந்துவிடும். இது சிறுத்தை வாழும் சரணாலயக் காடு என்பதும் நினைவிருக்கட்டும். அப்படியும் நல்லதண்ணியில் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த மழைக்காட்டில் நடந்தவர்கள் அந்த நடையை மறக்க மாட்டார்கள். உதயத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மேகம் விடாது.

அப்புறம், உச்சியில் எல்லோரும் கிழக்கைப் பார்த்துப் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சூரியன் மேலே வந்ததும் நீங்கள் மேற்குப் பக்கத்துக்கு ஓடுங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மூடுபனிமேல் மைல்கணக்கில் நீண்டு கிடக்கும், கூர் முனை எங்கோ தொலைவில் இருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் அப்படி என்று நினைப்பார்கள். எந்த மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் கூம்பாகத்தான் தெரியும், தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிறதே, அதே கணக்கு. சூரியன் ஏற ஏற அது சுருங்கி அடிவாரத்தை நோக்கி வந்துவிடும், ரொம்ப நேரம் நிற்காது.

கோவைக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. பிப்ரவரிதான், முடிவு செய்துவிட்டேன். இரத்தினபுரி வழி இன்னும் அழகு என்று ஒருவர் சொன்னார், அந்தப் பக்கமாக ஏறலாமா? படிகள் எவ்வளவு மோசம்?

இரத்தினபுரியான்:
எங்கள் பக்கத்து வழி என்பதால் எனக்கு அதன்மேல் பாசம் அதிகம், ஆனாலும் முதல் தடவை தனியாக இரவில் வருகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து அடிவாரமான பலாபத்தலையிலிருந்து ஏறுவது நல்லதண்ணி வழியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம், ஆள் நடமாட்டமும் குறைவு. பழைய வழிகள் எப்படி இருந்தன என்பதற்கு 1344இல் வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதாவின் குறிப்பே இருக்கிறது, பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்து ஏறியதை எழுதியிருக்கிறார். முஸ்லிம்களான எங்களுக்குப் பாவா ஆதம் மலை, இந்துக்களான உங்களுக்குச் சிவன் பாதம், சிங்களவருக்குச் ஸ்ரீபாத, ஆனால் எல்லோரும் ஏறுவது ஒரே படிதான். அதுதான் எனக்கு இந்த மலையில் பிடித்தது.

நல்லதண்ணி வழியில் 5,000க்கு மேல் படிகள். உச்சி 2,243 மீட்டர், அடிவாரத்திலிருந்து ஏற்றம் மட்டும் சுமார் 1,000 மீட்டர். முதல் பகுதி ஏமாற்றும், தேயிலைக்கு நடுவே சாதாரணமாகப் போகும். ஜப்பானியர் கட்டிய சமாதான தாதுகோபுரம் என்ற பௌத்தத் தூபியையும் சீத கங்குலை என்ற ஓடையையும் தாண்டிய பிறகுதான் மலை தன் வேலையைக் காட்டும். இந்திகட்டுபானை என்ற இடத்தில் முதல்முறை ஏறுகிறவர்கள் ஊசியும் நூலும் வைப்பார்கள், வெள்ளை நூல் வழி நெடுகக் கம்பியில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். கடைசி ஏற்றம் செங்குத்து, இரண்டு கையாலும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், அதனால் கையில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், ராத்திரி ஈரத்தில் சிமெண்டுத் தரை பனிக்கட்டிபோல் இருக்கும், தடித்த காலுறை கொண்டு வாருங்கள். ஏறிய தடவைக்கு ஒன்றாக மணி அடிப்பது வழக்கம், உங்களுக்கு ஒன்று.

மஸ்கெலியா அக்கா:
இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏறுவது மூச்சைப் பிடிக்கும், இறங்குவது முழங்காலைப் பிடிக்கும். படிகள் ஒரே உயரம் கிடையாது, அதனால் பக்கவாட்டில் திரும்பி மெதுவாக இறங்குங்க, ஒரு கம்பு இருந்தால் நல்லது. அன்றைக்கே கொழும்புக்குப் போக டிக்கெட் எடுக்காதீங்க, கால் ஒத்துழைக்காது. ஒரு ராத்திரி நல்லதண்ணியில் தங்கிவிட்டு மறுநாள் ஹட்டனுக்குப் பஸ் பிடிங்க. பாலித்தீன் கொண்டுவர வேண்டாம், கொண்டுவந்தால் திரும்ப எடுத்துப் போங்க. சீசன் முடிந்ததும் அந்தக் குப்பையைப் பொறுக்குவது எங்கள் பிள்ளைகள்தான்.