கிணற்றடிக்கு மேலே ட்ரோன் நிற்கிறது: பக்கத்து வளவுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

அலஸ்தோட்டத்தாள்:

வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. பின்வளவுக்கு அடுத்த காணியில் ஒரு விருந்தினர் விடுதி வந்திருக்கிறது. அந்த வீட்டு மகனிடம் ட்ரோன் இருக்கிறது. விடியற்காலை, காற்று எழும்ப முதல் அதை மேலே விடுவான். கடலையும் விடுதியையும் எடுத்து முகநூலில் போடுவார்கள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பிழைப்புக்குச் செய்கிறார்கள், செய்யட்டும்.

பிரச்சினை எங்கள் கிணற்றடி. உள்ளே குளியலறை இருக்கிறது. என்றாலும் வெயில் காலத்தில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கிணற்றில் அள்ளித்தான் குளிப்போம். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே தகரம், மற்றப் பக்கம் வாழை. ஒழுங்கையில் போகிற எவரும் எட்டிப் பார்க்க முடியாது. அப்படித்தான் மாமனார் காலத்திலேயே பார்த்துப் பார்த்து அடைத்தார்கள்.

போன கிழமை மகள் குறுக்குக்கட்டோடு நின்று தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரோன் வந்து முருங்கை உச்சிக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்றது. அதன் கமரா கடலைப் பார்த்ததா கீழே பார்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை சவர்க்கார நுரையோடு உள்ளே ஓடி வந்தாள். வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. இரண்டு நாளால் அவர்கள் போட்ட வீடியோவில் எங்கள் தகரமும் வாழையும் கிணற்று வாயும் ஒரு கணம் தெரிகிறது. ஆள் இல்லை. அப்படியென்றால் ஆள் இருந்த துண்டு எங்கே? யாருடைய கைபேசியில் இருக்கிறது? எனக்கு நித்திரை வராமல் இருப்பது இதை நினைத்துத்தான்.

எங்களோடு இருக்கிற மச்சாள் புதுக்குடியிருப்பு ஆள். 2009இல் அங்கிருந்து மிஞ்சி வந்தவள். அந்த இரைச்சல் கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். வேவு விமானம் சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று கண்ட சனம் அவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கோட்டைக்குள் இராணுவம், டொக்யாட்டில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. அங்கே மேலே ட்ரோன் விட்டால் என்ன ஆகும் என்று திருமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வளவுக்கு மேலே விட்டால் நான் யாரிடம் போவது? சண்டை வேண்டாம். பொங்கலும் புக்கையும் கொடுத்து வாங்குகிற வீடு. ஆனால் பேசாமலும் இருக்க முடியாது.

கிண்ணியா தம்பி:

அக்கா, கெற்றப்போல் ஒன்று எடுத்து வையுங்கள். அடுத்த தரம் வந்தால் ஒரு கல். வேலை முடிந்தது.

திருமலை கமராக்காரன்:

தம்பி, அந்த வேலை வேண்டாம். கல் பட்டு ட்ரோன் விழுந்தால், பொருளைச் சேதப்படுத்தினார்கள் என்று முறைப்பாடு அக்கா பேரில் வரும். விசிறி சுற்றிக்கொண்டே விழுகிற ட்ரோன் யார் தலையில் விழும் என்றும் சொல்ல முடியாது.

அக்கா, நான் கலியாண வீடுகளுக்கு ட்ரோன் எடுக்கிறவன். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்த உயரத்தில் என்ன தெரியும் என்பது. பெடியள் வைத்திருக்கிற சாதாரண ட்ரோனில் இருப்பது அகலப் பார்வைக் கமரா. 4கே வீடியோவில் குறுக்காக 3840 புள்ளி. 100 மீற்றர் உயரத்தில் இருந்து நேரே கீழே பார்த்தால் ஏறக்குறைய 150 மீற்றர் நிலம் படத்துக்குள் வரும். ஒரு புள்ளி என்பது 4 சென்ரிமீற்றர். ஒருவரின் முகம் நாலு புள்ளி அகலம், அவ்வளவுதான். யாரென்று சொல்ல முடியாது. அதே கமராவை 15 மீற்றருக்கு இறக்கினால் முகம் 25 புள்ளி. ஊரில் தெரிந்தவர் ஆளை மட்டுக்கட்ட அது போதும். முருங்கை உச்சிக்குக் கொஞ்சம் மேலே என்றால் அதையும் விடக் கீழே. அதனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. மவிக் 3 மாதிரி 7 மடங்கு சூம் லென்ஸ் உள்ளது என்றால் 100 மீற்றரில் நின்றும் அதே அளவு எடுக்கும். என்ன மொடல் என்று கேளுங்கள்.

இன்னொன்று. பதிவை அமத்தாவிட்டாலும் விடுகிறவரின் திரையில் படம் நேரே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதிவு செய்தால் ட்ரோனில் இருக்கிற மெமரி காட்டில் ஒரு பிரதி, கைபேசிச் செயலியில் தரம் குறைந்த பிரதி ஒன்று தங்கவும் கூடும். அழித்துவிட்டேன் என்று சொன்னால் இரண்டையும் பார்க்க வேண்டும். கணினிக்கு மாற்றியிருந்தால் அதையும்.

அனுமதி விஷயம்: ட்ரோன் பதிவு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில். எடையைப் பொறுத்து வகை மாறும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்கக் கொஞ்சக் காலம் தடையே இருந்தது. இப்போதும் திருமலை மாதிரி இடத்தில் பாதுகாப்புத் தரப்புக்குத் தெரியாமல் நான் ஒரு கலியாணத்துக்கும் ஏற்றுவதில்லை. சின்ன ட்ரோனுக்கு ஒன்றும் தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள், அதை நம்பிப் பறக்கவிட்டு மாட்டுகிறவர்கள் பெடியள்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். ட்ரோன் கடலோடு போய்விடும் என்று பயந்து ஊருக்கு மேலே வைத்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் முருங்கைக்கு மேலே நின்றதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். இருந்தாலும் ஆள் குளிக்கிறதைக் கண்டால் அந்த நொடியே திருப்பிக்கொண்டு போக வேண்டும். அதைச் செய்யாதவன் கமரா தூக்கக்கூடாது.

மயிலாப்பூர்வாசி:

பெண்களை அந்தரங்கமான நிலையில் படம் எடுத்தால் நேரடியாகக் கிரிமினல் குற்றம், பாரதிய நியாய சங்கிதா பிரிவு 77. தயங்காமல் புகார் கொடுங்கள். அதுவரைக்கும் கிணற்றுக்கு மேலே பச்சை வலை ஒன்று கட்டிவிடலாமே?

உவர்மலை:

மேலே சொன்னது இந்தியச் சட்டம், இலங்கைக்குப் பொருந்தாது. அங்கே 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொன்னது. எங்கள் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அப்படித் தனியாக ஓர் உரிமை எழுதப்படவில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்த, தகவல் அறியும் உரிமை பற்றிய 14அ உறுப்புரையில் அந்தரங்கம் என்ற சொல் வருகிறது. அது தகவல் கொடுக்க மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான் வருகிறது.

தங்கச்சி, உங்களுக்கு இருக்கிற வழிகளைச் சொல்கிறேன். எங்கள் பொதுச் சட்டமாக இருக்கிற உரோம-டச்சுச் சட்டத்தின்படி ஒருவரின் மானத்துக்கு வேண்டுமென்று பங்கம் செய்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். வேண்டுமென்று செய்தார் என்று நிறுவ வேண்டும், காலமும் காசும் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முழுக்கத் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதைத் தொடாது. விடுதி விளம்பரத்துக்கு எடுத்த படம் வீட்டுத் தேவை இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், தொந்தரவு செய்யும் எண்ணத்தோடு ஒருவரின் அந்தரங்கத் தகவலை இணையத்தில் போடுவது குற்றம். பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பலரும் எதிர்த்த சட்டம் அது. கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியாத அயல்வீட்டுப் பிள்ளையின் பேரில் அதைத் தூக்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

நான் முதலில் அனுப்புவது மத்தியஸ்த சபைக்கு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, இரண்டு வீட்டாரும் நேரே போய் இருந்து பேசுவீர்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் தருவார்கள். அயலுக்குள் வருகிற பிரச்சினைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. அதற்கிடையில் அந்த வீடியோவைத் தரவிறக்கி, திகதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட்டும் எடுத்து வையுங்கள். படத்தை வேறு எங்கும் கொடுத்தது தெரியவந்தால் யோசிக்காமல் பொலிஸுக்குப் போங்கள்.

அலஸ்தோட்டத்தாள்:

எல்லோருக்கும் நன்றி. வலை கட்டச் சொன்ன சகோதரருக்கு முதலில் சொல்கிறேன்: கட்ட மாட்டேன். நாங்கள் ஏற்கெனவே மூன்று பக்கமும் தகரம் அடித்தாயிற்று. ஒவ்வொரு தரமும் பார்க்கிறவர் புது வழி கண்டுபிடிக்க, பார்க்கப்படுகிறவர் காசு செலவழித்து இன்னொரு பக்கத்தை மூடிக்கொண்டே போக வேண்டுமா? வானத்தையும் மூடிவிட்டு அந்தப் பிள்ளை எங்கே நின்று குளிப்பாள்? கமரா வைத்திருக்கிறவர்தான் அதைத் திருப்ப வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். மகனிடம் போகவில்லை, தாயிடம் போனேன். குசினி வாசலில் இருந்து, நடந்ததை நடந்த மாதிரிச் சொன்னேன். மகளின் பேரை எடுக்கவில்லை, "குளிக்கிற நேரம்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. மகனைக் கூப்பிட்டார். கமராக்காரத் தம்பி சொன்னபடி மொடல் கேட்டேன், சூம் இல்லாத சின்ன ட்ரோன்தான். மெமரி காட்டை மடிக்கணினியில் போட்டு அன்றைய பதிவைக் காட்டினான். மூலையில் மகள் தெரிகிறாள். பின்பக்கம்தான், ஆனால் எங்கள் ஆட்களுக்கு அவள் என்று தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்க அழித்தான். கணினியின் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கச் சொன்னேன், கைபேசியிலும் பார்க்கச் சொன்னேன், செயலிக்குள் உண்மையாகவே ஒரு பிரதி இருந்தது. அவனுக்கே அது தெரியாது. முகநூலில் இருந்ததையும் எடுத்துவிட்டான்.

மச்சாளின் கதையைச் சொன்னபோது தாய்தான் அழுதார். அவர்களும் மூதூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களாம், 2006இல். அயலில் இவ்வளவு காலம் இருந்தும் நாங்கள் அதைப் பேசியதில்லை.

இனி ட்ரோனைக் கடற்கரை மணலில் இருந்து ஏற்றுவது, எங்கள் ஒழுங்கைப் பக்கம் திருப்பாமல் இருப்பது, ஏற்றுகிற அன்று முதல்நாளே எனக்கு ஒரு செய்தி போடுவது என்று பேசியிருக்கிறோம். அதிகாரசபையில் பதிவு செய்யவில்லை என்றும் ஒத்துக்கொண்டான். செய்யும்வரை விடக்கூடாது என்று தகப்பனும் சொல்லியிருக்கிறார். மத்தியஸ்த சபைக்கு இப்போது போகவில்லை. தேவைப்பட்டால் போவேன், அதையும் அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

எனக்கு இன்னும் ஒன்று தீரவில்லை. விடுதிக்கு வருகிற வெள்ளைக்காரர், கொழும்புப் பெடியள் எல்லோரும் பையில் ட்ரோனோடுதான் வருகிறார்கள். அவர்களை யார் பார்ப்பது?

திருமலை கமராக்காரன்:

அவர்களுக்கும் அதே விதிதான் அக்கா, வெளிநாட்டவருக்கும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். புறாத்தீவில் விட வனஜீவராசிகள் திணைக்களத்திடம் தனியாகக் கேட்க வேண்டும், அது தேசியப் பூங்கா. இதெல்லாம் தெரியாமல் வந்து மாட்டினால் கெட்ட பெயர் விடுதிக்குத்தான். அந்தத் தாயிடமே சொல்லுங்கள்: அறை பதிவு செய்கிற நேரம் அனுப்புகிற செய்தியில், அனுமதிக் கடிதத்தைக் காட்டாமல் ட்ரோன் ஏற்றக்கூடாது, பக்கத்து வளவுகளுக்கு மேலே விடவே கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி. அறைக் கதவின் பின்னால் ஒட்டுகிற தாளிலும் போடலாம். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் நான் எழுதித் தருகிறேன், தனிச் செய்தி போடுங்கள்.